ஆர்வி விமானத்தின் மூக்குச் சக்கரம்: அறிகுறியைப் பிடித்துப் பிழையை நீக்கும் வழி

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அரோரா என்ற ஊரில் இருக்கிறது வேன்ஸ் ஏர்கிராஃப்ட். அவர்களுடைய கிட்டை (வாங்குபவரே பூட்டிக் கட்டும் பாகத் தொகுப்பை) வாங்கி, வீட்டுக் கராஜிலோ ஹேங்கரிலோ கட்டிப் பறக்கவிட்ட ஆர்வி விமானங்கள் உலகம் முழுக்கப் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன. இங்கே பேசப்போவது ஆர்வி-6ஏ, 7ஏ, 8ஏ, 9ஏ ஆகிய நான்கைப் பற்றி. எண்ணுக்குப் பின்னால் வரும் 'ஏ' என்ற எழுத்து, வால் சக்கரத்துக்குப் பதில் மூக்குச் சக்கரம் வைத்த மாடல் என்பதைக் காட்டுகிறது. அண்மைக் கால 7ஏ, 9ஏ கிட்டுகளில் ஆர்வி-14ஏ-வைப் போன்ற வேறு மூக்குக் கால் வருகிறது. அதற்குக் கீழே சொல்லும் எண்கள் பொருந்தா. ஜெனித் போன்ற விமானங்களில் ரப்பர் பஞ்சிக் கயிறும், ரடர் பெடலோடு நேராக இணைத்த ஸ்டியரிங்கும் இருக்கும். அது முற்றிலும் வேறு கதை.

ஆர்வியின் மூக்குக் கால் ஒரு தூண் அல்ல, ஸ்பிரிங். மேல்முனை எஞ்சின் மவுண்ட்டின் அடிக்குழாயில் செருகி, குறுக்கே போல்ட் போட்டிருக்கும். அங்கிருந்து முன்னும் கீழுமாகச் சரிந்து வரும் ஒரே எஃகுத் தண்டு அது. எண்ணெய் போட்ட அதிர்வுத் தணிப்பான் எதுவும் கிடையாது. தண்டு வளைந்து நிமிர்வதுதான் அதிர்ச்சியைத் தாங்குகிறது. கீழ்முனையில், சக்கரத்தை இரு பக்கமும் பிடிக்கும் கவையான ஃபோர்க் தொங்கும். ஃபோர்க்கை எந்தக் கம்பியும் திருப்புவதில்லை, சாமான் வண்டியின் சக்கரம் போலத் தானாகத் திரும்பும். விமானி இடது அல்லது வலது பிரேக்கை அழுத்தித்தான் வண்டியைத் திருப்புகிறார். ஃபோர்க்குக்கு அடியில் தண்டின் மரையில் ஒரு பெரிய நட், அதற்கும் ஃபோர்க்குக்கும் நடுவே குழிவான பெல்வில் வாஷர்கள். இந்த வாஷர்கள் கொடுக்கும் இறுக்கம்தான் ஃபோர்க் கண்டபடி ஆடாமல் தடுக்கிறது.

இந்த அமைப்பில் மூன்று விஷயத்தைப் பார்க்கிறோம். சக்கரம் உருள்வதில் தடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஃபோர்க் திரும்புவதில் தடை குறிப்பிட்ட அளவுக்கு இருந்தே ஆக வேண்டும். மற்ற எந்த இணைப்பிலும் ஆட்டம் இருக்கக் கூடாது. முதலாவதும் இரண்டாவதும் எதிரெதிர்த் திசையில் போவதால்தான், நிறையப் பேர் ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றதைக் கெடுத்துவிடுகிறார்கள்.

எதைத் தொடுவதற்கும் முன்: மூக்கைத் தூக்குவது

மூக்குச் சக்கரம் தரையில் இருக்கும்போது எடுக்கும் எந்த அளவும் நம்பத்தக்கதல்ல. இரண்டு முதன்மைச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வாலின் அடியில் இருக்கும் கட்டு வளையத்தில் எடை தொங்கவிட்டு மூக்கை எழுப்புவதே எளிய வழி. எவ்வளவு எடை என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்: மூக்குச் சக்கரத்தின் மேல் விழும் எடையை, மூக்குச் சக்கரத்துக்கும் முதன்மைச் சக்கரத்துக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, முதன்மைச் சக்கரத்துக்கும் வால் வளையத்துக்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு மூக்கில் 130 கிலோ, முன் தூரம் 1.4 மீட்டர், பின் தூரம் 3.6 மீட்டர் என்றால் வாலில் ஏறக்குறைய 51 கிலோ தேவை. இன்னும் பத்து கிலோ கூட்டிவையுங்கள். மணல் நிரப்பிய வாளிகள் போதும். எடை தொங்குவதற்கு முன்பே வாலின் அடியில் மெத்தை சுற்றிய ஒரு தாங்கியை வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு எழும்பும் வேகத்தில் வால் தரையில் மோதும்.

எஞ்சினின் மேல் அதன் தயாரிப்பாளரான லைக்கமிங் வைத்திருக்கும் தூக்கு வளையத்தில் செயின் பிளாக் மாட்டித் தூக்குவதும் சரியே. ப்ரொப்பெல்லரையோ ஸ்பின்னரையோ பிடித்துத் தூக்கக் கூடாது. கிடைமட்ட வாலின் நுனியில் யாரையும் உட்கார வைக்கவும் கூடாது. கையால் அழுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், உடலோடு சேரும் இடத்தில், ஸ்பார் (உள்ளே நீளவாட்டில் ஓடும் முதன்மைச் சட்டம்) போகும் கோட்டின் மேல் மட்டும் அழுத்தலாம். மூக்கு தூக்கியிருக்கும் நேரத்தில் யாரும் காக்பிட்டில் ஏறவோ இறங்கவோ வேண்டாம்.

அறிகுறி: ஓடுபாதையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கால்கள் நடுங்குவது போன்ற அதிர்வு

உடனே மூக்கைக் குற்றம் சொல்லாதீர்கள். ஆர்வியின் முதன்மைக் கால்களும் ஸ்பிரிங் தண்டுகள்தான், அவையும் நடுங்கும். எது நடுங்குகிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. டேக்-ஆஃப் ஓட்டத்தில் மூக்கு எழும்பிய கணமே அதிர்வு நின்றால் பிழை மூக்கில். முதன்மைச் சக்கரம் தரையை விடும் வரை தொடர்ந்தால் பிழை பின்னால். காற்றில் ஏறிய பிறகும் சில நொடிகள் தொடர்ந்தால், ஏதோ ஒரு சக்கரம் சமநிலை இல்லாமல் சுழன்றுகொண்டிருக்கிறது. அப்போது பிரேக்கை மெதுவாக ஒரு முறை தொடுங்கள். அதிர்வு உடனே நின்றால் முதன்மைச் சக்கரம். மூக்குச் சக்கரத்துக்குப் பிரேக் இல்லாததால் அது தானாக ஓய்ந்து நிற்கும் வரை அதிரும்.

மூக்குதான் என்று உறுதியானால், அடிவயிற்றில் ஒரு சிறிய கேமராவைப் பின்னாலிருந்து முன்னோக்கிப் பொருத்தி, ஒரு முறை டாக்ஸி ஓடி (பறக்காமல் தரையில் உருண்டு) படம் பிடியுங்கள். ஃபோர்க் மீன்வாலைப் போல இடவலமாக அடித்தால் அது ஷிம்மி. கால் முழுவதுமே முன்னும் பின்னுமாகத் துள்ளினால் டயரோ சக்கரமோ வட்டம் தவறியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

ஷிம்மிக்கு முதல் சந்தேகம், திரும்பு தடை குறைந்துபோனது. தானாகத் திரும்பும் சக்கரம் சற்றே பக்கவாட்டில் விலகினால், டயரும் காலும் அதை மறுபக்கம் தள்ளும். அந்தத் தள்ளலில் அது நடுவைத் தாண்டிப் போகும். உராய்வு இருந்தால் ஒவ்வோர் அடியிலும் சக்தி கரைந்து ஆட்டம் அடங்கிவிடும். உராய்வு இல்லாவிட்டால் ஒவ்வோர் அடியும் முந்தையதைவிடப் பெரிதாகும். வேன்ஸ் இந்தக் கால்களுக்குச் சொல்லும் அளவு 22 பவுண்டு, அதாவது 10 கிலோ. அளப்பது இப்படி:

1. மூக்கைத் தூக்கி, சக்கர உறையைக் கழற்றுங்கள்.
2. ஃபோர்க்கில் கிரீஸ் முனை இருந்தால் முதலில் கிரீஸ் அடியுங்கள். அளந்த பிறகு கிரீஸ் அடித்தால் அளவு மாறிவிடும். அடித்த பின் ஃபோர்க்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பத்து முறை திருப்பி, கிரீஸைப் பரவ விடுங்கள்.
3. ஸ்பிரிங் தராசின் கொக்கியை ஆக்ஸிலின் (சக்கர அச்சின்) முனையில் மாட்டுங்கள். சக்கரம் பார்க்கும் திசைக்குச் செங்குத்தாக, தரைக்கு இணையாக இழுங்கள். சாய்த்து இழுத்தால் தராசு அதிகமாகக் காட்டும், உள்ளே தடை குறைவாகத்தான் இருக்கும்.
4. ஃபோர்க் அசையத் தொடங்கும்போது என்ன காட்டுகிறது, தொடர்ந்து நகரும்போது என்ன காட்டுகிறது என்று இரண்டையும் எழுதுங்கள். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று முறை.
5. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை, அல்லது நடுவில் ஓரிடத்தில் மட்டும் பிடிக்கிறது என்றால் நட்டைத் தொடாதீர்கள். ஃபோர்க்கைக் கழற்றித் தண்டையும் புஷ்ஷையும் பார்க்க வேண்டும்.

அளவு குறைவு என்றால் காட்டர் பின்னை (நட் கழலாமல் துளையில் செருகி மடக்கும் கம்பியை) எடுத்து, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி மறுபடி அளக்க வேண்டும். இங்கே விரலுக்குத் தெரியும் ஒரு நுட்பம் இருக்கிறது. நல்ல பெல்வில் வாஷர் என்றால் நட்டைத் திருப்பத் திருப்பத் தராசின் முள்ளும் சீராக ஏறும். நட்டை ஆறில் ஒரு பங்கு திருப்பியதும் 5 கிலோவிலிருந்து 20 கிலோவுக்குத் தாவினால், வாஷர்கள் குழிவு போய்த் தட்டையாகிவிட்டன என்று பொருள். அப்போது உலோகத்தை உலோகம் அழுத்துகிறது, நடுவில் ஸ்பிரிங்கே இல்லை. அன்றைக்கு 10 கிலோவில் நிறுத்தி வைத்தாலும் இரண்டு மூன்று தரையிறக்கத்தில் காணாமல் போய்விடும். வாஷரைக் கழற்றிப் புதியதன் உயரத்தோடு காலிப்பரால் ஒப்பிடுங்கள், விளிம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

மாட்டும்போது வாஷரின் திசை முக்கியம். கிண்ணங்களை அடுக்குவதுபோல ஒன்றன் மேல் ஒன்று ஒரே திசையில் வைத்தால் விசை கூடும், அமுங்கும் தூரம் கூடாது. எதிரெதிராகக் கவிழ்த்து வைத்தால் தூரம் கூடும், விசை கூடாது. உங்கள் மாடலின் வரைபடத்தில் எப்படிக் காட்டியிருக்கிறதோ அப்படியே வையுங்கள். கழற்றும்போதே ஒரு படம் எடுத்துக்கொண்டால் வாக்குவாதம் மிச்சம். ஆனால் முன்பு மாட்டியவர் சரியாக மாட்டினார் என்று அந்தப் படத்தை நம்பிவிடாதீர்கள்.

அடுத்த தொல்லை, 10 கிலோ காட்டும் இடத்தில் நட்டின் வெட்டும் தண்டின் துளையும் நேராக வராதது. நட்டைத் தளர்த்தி முந்தைய வெட்டுக்குக் கொண்டுபோவது தவறு. நட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய வாஷரைச் சேர்த்தோ எடுத்தோ துளையை நேராக்குங்கள். காட்டர் பின் ஒவ்வொரு முறையும் புதியது. புதிதாகக் கட்டிய விமானத்தில், வாஷரின் கீழ் இருக்கும் பெயின்ட்டும் உராயும் பரப்புகளும் தேய்ந்து படியும் வரை இந்த அளவு வேகமாக விழும். முதல் பத்து மணிநேரப் பறப்புக்குள் இரண்டு முறையாவது அளப்பது நல்லது.

திரும்பு தடை சரி, இன்னும் அதிர்கிறது என்றால் டயருக்கு வாருங்கள். மூக்கில் இருப்பது 11-4.00-5 அளவுள்ள சின்னச் சக்கரம். அது சின்னது என்பதால் சிறிய கோணலும் பெரிதாகத் தெரியும். ஒரு பென்சிலை ஃபோர்க்கின் மேல் ஊன்றி, முனையை டயருக்குக் கிட்டே பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இடைவெளி 2 மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறைந்தால் பெரும்பாலும் டயரின் விளிம்பு ரிம்மில் சரியாக உட்காரவில்லை. டயரின் பக்கச் சுவரில் ரிம்மை ஒட்டி வார்த்திருக்கும் கோடு, சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் காற்றை இறக்கி, விளிம்பில் டால்க் பவுடர் பூசி மறுபடி உட்கார வையுங்கள்.

சமநிலை பார்க்க, பேரிங்கின் சீலை எடுத்து, கிரீஸைத் துடைத்து லேசாக எண்ணெய் மட்டும் விட்டு, ஆக்ஸிலை இரண்டு மட்டமான விளிம்புகளின் மேல் வையுங்கள். கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். நேர் எதிரே ரிம்மில் ஒட்டும் எடையை வைத்து, எங்கே நிறுத்தினாலும் சக்கரம் அங்கேயே நிற்கும் வரை சரிசெய்யுங்கள். புதிய டயர் மாட்டும்போதே பாதி வேலையை முடித்துவிடலாம். டயரில் இருக்கும் சிவப்புப் புள்ளி அதன் இலேசான இடம். ட்யூப்பில் மஞ்சள் கோடு இருந்தால் அது ட்யூப்பின் கனமான இடம். இரண்டையும் சேர்த்து வையுங்கள். கோடு இல்லாத ட்யூப் என்றால் வால்வைச் சிவப்புப் புள்ளிக்கு நேராக வைத்தால் போதும்.

அறிகுறி: கையால் சுற்றிவிட்டால் சக்கரம் ஒரு சுற்றுக்குள் நின்றுவிடுகிறது

இதைப் பார்த்துவிட்டு 'கிரீஸ் கெட்டியாக இருக்கிறது' என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. கடந்துபோகாதீர்கள். இந்தக் காலில் ஆபத்தான பிழை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். உருளாத சக்கரம் காலின் கீழ்முனையைப் பின்னோக்கி இழுக்கிறது. ஸ்பிரிங் தண்டு வளைகிறது. வளைய வளைய அடியில் இருக்கும் அந்தப் பெரிய நட் தரையை நெருங்குகிறது. புல் தரையில் ஒரு மேட்டையோ, தார் விளிம்பையோ நட் ஒரு முறை கொத்திவிட்டால் கால் மடங்கி உள்ளே போகும், விமானம் மூக்கைக் குத்திக் குப்புறக் கவிழும். இதற்காகவே வேன்ஸ் நவம்பர் 2007-இல் 07-11-9 என்ற சர்வீஸ் புல்லட்டினை (தயாரிப்பாளரின் பராமரிப்பு அறிவிப்பை) வெளியிட்டது. ஃபோர்க்கை மாற்றி, காலின் கீழ்முனையைக் குட்டையாக்கி மரை வெட்டி, நட்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டுவதுதான் அந்த மாற்றம். பழைய ஆர்வி-6ஏ ஒன்றை வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது செய்யப்பட்டிருக்கிறதா என்பதே.

தடை எங்கிருந்து வருகிறது? பழைய அமைப்பில் ஃபோர்க்கின் இரு காலுக்கும் குறுக்கே ஆக்ஸில் போகும். சக்கரத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்பேசர், அதாவது இடைவெளி காக்கும் குழாய்த் துண்டு. நட்டை இறுக்கினால் ஃபோர்க்கின் கால்கள் உள்ளே அமுங்கி ஸ்பேசரைத் தள்ளும், ஸ்பேசர் நேராகக் கூம்பு பேரிங்கைத் தள்ளும். ஆக, ஆக்ஸில் நட்டின் இறுக்கமே பேரிங்கின் இறுக்கமாகிவிடுகிறது. அதிகம் இறுக்கினால் பேரிங் பிடிக்கும். தளர்த்தினால் ஸ்பேசர் நிலையாக நிற்காமல் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி ஃபோர்க்கைத் தேய்க்கும்.

எது நடக்கிறது என்று அறிய, ஸ்பேசரிலிருந்து ஃபோர்க் வரை மார்க்கர் பேனாவால் ஒரே கோடாக இழுங்கள். சக்கரத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். கோடு உடைந்திருந்தால் ஸ்பேசர் சுற்றுகிறது. ஃபோர்க்கின் உள்பக்கம் பெயின்ட் போய் வளையமாகப் பளபளத்தால் அது நெடுநாளாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. கோடு உடையவில்லை, ஆனாலும் சக்கரம் பிடிக்கிறது என்றால் ஆக்ஸில் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். விடுபட்டால் பிழை இறுக்கத்தில். விடுபடாவிட்டால் பேரிங்கிலோ சீலிலோ.

சரியான இறுக்கம் வைக்கும் முறை: சக்கரத்தை ஒரு கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். சுற்றாமல் இறுக்கினால் உருளைகள் தம் இடத்தில் உட்காரா, பின்னால் தளர்ந்துவிடும். லேசான பிடிப்பு தெரிந்ததும் நிறுத்தி, நட்டை முழுக்கத் தளர்த்தி, மறுபடி பக்க ஆட்டம் போகும் வரை மட்டும் கொண்டுவாருங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. ஒரு விரலால் தட்டினால் சுற்ற வேண்டும். இந்த இரண்டும், ஸ்பேசர் அசையாமல் நிற்பதும் ஒன்றாக அமையும் இடமே கிடைக்கவில்லை என்றால் நட்டோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. ஸ்பேசர்களைத் தனியாக ஃபோர்க்கோடு இறுக்கிவிட்டு, பேரிங்கை வேறாகச் சரிசெய்யும் ஆக்ஸிலை மாட்கோ நிறுவனம் விற்கிறது. மூக்குக் காலுக்குச் செலவழிக்கும் பணத்தில் இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை என்பது எங்கள் முடிவு.

பேரிங்கைக் கழற்றியதும் மினரல் ஸ்பிரிட்டில் கழுவி உலர விடுங்கள். கம்ப்ரஸர் காற்றை ஊதிச் சுழல விடக் கூடாது, எண்ணெய் இல்லாமல் அதிவேகத்தில் சுற்றினால் உருளைகள் கீறிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தில் பாருங்கள்:

நீலம் பாய்ந்திருந்தால் சூடேறியிருக்கிறது. கிண்ணத்தில் (பேரிங்கின் கூம்பு உட்காரும் வெளி வளையத்தில்) உருளைகளின் இடைவெளிக்குச் சரியாகக் கோடு கோடாகப் பள்ளம் இருந்தால் அடி வாங்கியிருக்கிறது. அதே இடைவெளியில் துருக் கோடு என்றால் தண்ணீர் புகுந்தபின் விமானம் நெடுநாள் அசையாமல் நின்றிருக்கிறது. எதுவானாலும் கூம்பையும் கிண்ணத்தையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். கிண்ணத்தை எடுக்க அலுமினியச் சக்கரப் பாதியைக் கொதிநீரில் சூடாக்குங்கள், போதும். டார்ச் காட்டினால் உலோகத்தின் பதம் கெட்டுவிடும்.

கிரீஸில் ஒரு கண்டிப்பு. ஏரோஷெல் 5, ஏரோஷெல் 22 இரண்டும் களிமண் வகைக் கெட்டிப்பான் சேர்ந்தவை. ஏரோஷெல் 33, மொபில் எஸ்எச்சி 100 இரண்டும் லித்தியம் காம்ப்ளெக்ஸ் வகை. ஒரு வகையின் மேல் இன்னொரு வகையை அடைத்தால் கலவை இளகி வழிந்துவிடும். வகை மாற்றுவதானால் பழையதைத் துளியும் விடாமல் கழுவிய பிறகே மாற்றுங்கள். கிரீஸை உள்ளங்கையில் ஒரு குவியலாக வைத்து, கூம்பின் அகன்ற முனையை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். மறுமுனையில் உருளைகளுக்கு நடுவிலிருந்து கிரீஸ் புழுவைப் போல வெளியே வந்தால்தான் உள்ளே நிரம்பியிருக்கிறது. மேலே பூசிவிட்டால் நிரம்பாது.

சக்கர உறையையும் மறக்க வேண்டாம். மழைக்குப் பின் புல் ஓடுபாதையில் இறங்கினால் சேறும் புல்லும் உறைக்குள் அடைத்துக் காய்ந்து டயரைப் பிடிக்கும். டயரைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். புதிய டயர் பயன்படுத்தப் பயன்படுத்தச் சற்று விரியும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அறிகுறி: டாக்ஸியில் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது திரும்பியபின் நேராக வர மறுக்கிறது

ஒரே பக்கம் இழுத்தால் பத்தில் ஒன்பது முறை மூக்குச் சக்கரம் குற்றவாளி அல்ல. ஏதோ ஒரு முதன்மைப் பிரேக் முழுதாக விடவில்லை, அல்லது ஒரு டயரில் காற்று குறைவு. டாக்ஸி முடிந்ததும் இரண்டு பிரேக் டிஸ்க்கின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள், தொட வேண்டாம்.

எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது என்றால் திரும்பு தடை அதிகம். 22 பவுண்டு நல்லது என்றால் 40 இன்னும் நல்லது என்று நினைத்து இறுக்குவதால் வருவது இது. பிரேக்கை அதிகம் மிதிக்க வேண்டியிருக்கும், பிரேக் பேட் சீக்கிரம் தேயும், மூக்கு டயரின் ஓரம் பக்கவாட்டில் இழுபட்டுத் தேயும்.

இழுவைக் கம்பியால் தள்ளும்போது ஃபோர்க்கை அதன் தடுப்பைத் தாண்டித் திருப்பினால் தடுப்பு வளையும். தடுப்பின் மேல் பெயின்ட் நசுங்கியிருந்தால் யாரோ திருப்பியிருக்கிறார்கள்.

அறிகுறி: மேடு பள்ளத்தில் 'டக்' என்று ஓசை

மூக்கைத் தூக்கி ஃபோர்க்கை முன்னும் பின்னும், பிறகு முறுக்கியும் அசையுங்கள். இன்னொருவர் காலின் மேல்முனையும் மவுண்ட் குழாயும் சேரும் இடத்தில் விரலை வைத்திருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும். அங்கே ஆட்டம் இருந்தால் குறுக்குப் போல்ட்டின் துளை முட்டை வடிவமாகிவிட்டது. போல்ட்டை இன்னும் இறுக்கினால் தீராது. துளையை அடுத்த அளவுக்கு ரீமர் போட்டு, நெருக்கமாகப் பொருந்தும் போல்ட்டைப் போட வேண்டும். எந்த அளவு வரை போகலாம் என்பதை வேன்ஸிடம் கேட்டுவிட்டே ரீமரை எடுங்கள், திரும்பி வர முடியாத வேலை இது.

இறுக்க அளவுகளில், சாதாரண நுண்மரை நட்டுக்கு ஏஎன்4 போல்ட் 50–70 அங்குல-பவுண்டு, ஏஎன்5 100–140, ஏஎன்6 160–190. நைலான் பூட்டு நட் என்றால் அது வெறுமனே சுற்ற எடுக்கும் விசையை முதலில் அளந்து இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். வரைபடத்தில் தனி எண் இருந்தால் அதுவே செல்லும்.

அப்படியே மவுண்ட்டின் வெல்டுகளையும் பாருங்கள். கால் செருகும் குழாயைச் சுற்றி எல்லா வெல்டையும் துடைத்து, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸால் பார்க்க வேண்டும். பெயின்ட்டில் மயிரிழைக் கோடும் அதையொட்டி துரு நிறமும் இருந்தால் அங்கே பெயின்ட்டை நீக்கிவிட்டு டை பெனிட்ரன்ட் (வெடிப்புக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் சாயம்) போடுங்கள். சாயத்தை 10 முதல் 15 நிமிடம் ஊற விட்டு, கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். நேராக வெல்டின் மேல் கிளீனரை அடித்தால் வெடிப்புக்குள் இருக்கும் சாயமும் கழுவிப் போய், வெடிப்பே இல்லை என்று தோன்றும். வெடிப்பு உறுதியானால் விமானம் பறக்கக் கூடாது.

அறிகுறி: மூக்கு முன்பைவிடத் தாழ்ந்து நிற்கிறது

டயரின் காற்றைப் பார்த்தாயிற்று, சரி. இனி அளக்க வேண்டியது நட்டின் அடிக்கும் தரைக்கும் உள்ள தூரம். மட்டமான தரை, டயரில் வழக்கமான காற்று, டேங்கில் ஒவ்வொரு ஆண்டும் ஒரே அளவு பெட்ரோல் என்று நிலைமையை மாற்றாமல் அளந்து லாக்புக்கில் எழுதி வையுங்கள். போன ஆண்டு எண்ணோடு ஒப்பிடும்போது குறைந்திருந்தால் கால் நிரந்தரமாக வளைந்திருக்கிறது. நட்டின் அடியில் கீறலோ, பெயின்ட் உரிந்த இடமோ, மண்ணோ இருந்தால் அது ஏற்கெனவே தரையைத் தொட்டுவிட்டது.

வளைந்த காலைப் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தக் கூடாது. சூடேற்றிப் பதம் போட்ட எஃகு அது. நிமிர்த்தினால் பார்வைக்கு நேராகும், பலம் திரும்பாது. புதிய கால்தான் தீர்வு. வளைந்த சமயத்தில் ப்ரொப்பெல்லர் தரையைத் தொட்டிருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும், லைக்கமிங்கின் சர்வீஸ் புல்லட்டின் 533-ஐ எடுத்து அதில் சொல்லியபடி எஞ்சினைப் பார்க்க வேண்டும்.

கால் வளைவதற்குக் காரணம் பெரும்பாலும் தரையிறக்கம்தான். மூன்று சக்கரத்தையும் ஒன்றாக வைப்பது, மூக்கு இறங்கியதும் ஸ்டிக்கை முன்னே விட்டுவிடுவது, வேகத்தில் பிரேக்கை அழுத்துவது ஆகிய மூன்றும் மூக்கின் மேல் எடையை ஏற்றுகின்றன. ஸ்டிக் பின்னாலேயே இருக்கட்டும், டாக்ஸியிலும்கூட.

அறிகுறி: பறக்கும்போது, பக்கவாட்டு வழுக்கலைக் காட்டும் கருவியின் பந்து நடுவில் நிற்பதில்லை, ஒரு பெடலை மிதித்தே இருக்க வேண்டியிருக்கிறது

கால் உறை ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும் அது முன்னால் ஒரு சின்ன ரடரைப் போல வேலை செய்யும். உறையின் பின்விளிம்பை விமானத்தின் நடுக்கோட்டோடு நூல் கட்டி ஒப்பிடுங்கள். இதையும் மூக்கைத் தூக்கி வைத்தே செய்ய வேண்டும், காற்றில் கால் எடை இல்லாமல் நிமிர்ந்துதான் இருக்கும்.

அறிகுறி: டயரில் அடிக்கடி காற்று குறைகிறது

ட்யூப் பழைய இயற்கை ரப்பர் வகை என்றால் காற்று மெதுவாகக் கசிவது இயல்பு. பியூட்டைல் ட்யூப் மாற்றினால் பெரிதும் குறையும். வால்வு சாய்ந்து நின்றால் டயர் ரிம்மில் நழுவுகிறது. ரிம்மிலிருந்து டயர் வரை ஒரு பெயின்ட் கோடு போட்டு வைத்தால் அடுத்த முறை உடனே தெரியும்.

சக்கரத்தைப் பிரிக்கும்போது ஓர் எச்சரிக்கை. காற்றை முழுக்க இறக்கி, வால்வின் உள் ஊசியையே கழற்றி எடுத்த பிறகுதான் இரு பாதிகளையும் சேர்க்கும் போல்ட்டைத் தொட வேண்டும். காற்றோடு பிரித்தால் பாதிச் சக்கரம் முகத்தில் பாயும். மறுபடி சேர்க்கும்போது ட்யூப்புக்கு டால்க் பவுடர் பூசி, உருண்டு நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று கொடுத்து, பாதிகளுக்கு நடுவே ட்யூப் நசுங்கவில்லை என்று சுற்றிலும் பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

வேலை முடிந்தபின்

அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானத்தில் பராமரிப்பு வேலையை யாரும் செய்யலாம். பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் நிலைச் சோதனையில் மட்டும், அந்த விமானத்தைக் கட்டி ரிப்பேர்மேன் சான்றிதழ் வாங்கியவரோ ஏ அண்ட் பி மெக்கானிக்கோ (விமான உடலுக்கும் எஞ்சினுக்கும் சான்றிதழ் பெற்ற மெக்கானிக்) கையெழுத்திட வேண்டும். வாலில் தொங்கும் எடையை எடுத்தீர்களா என்று பார்த்துவிட்டு, மணிக்கு 10, 20, 30 கடல் மைல் (நாட்) வேகத்தில் தனித்தனியாக டாக்ஸி ஓடுங்கள். ஐந்து தரையிறக்கத்துக்குப் பின் மறுபடி மூக்கைத் தூக்கி மூன்றை அளந்து எழுதுங்கள்: ஆக்ஸிலில் தராசு காட்டும் எடை, விரலால் தட்டினால் சக்கரம் சுற்றும் சுற்றுகளின் எண்ணிக்கை, மூக்கை இறக்கிய பின் நட்டுக்கும் தரைக்கும் உள்ள தூரம். தராசு 10 கிலோவுக்குக் கீழே இறங்கியிருந்தால் அன்றே நட்டைச் சரிசெய்து, புதிய காட்டர் பின் போடுங்கள்.